வாடிய இலைக்கெல்லாம் தண்ணீர் மருந்தல்ல!
மழை, வெயில், காற்றுக்கு வாழை இலை காட்டும் அடையாளங்களைப் படிப்பது எப்படி?

தொட்டியத்திலிருந்து காட்டுப்புத்தூர் போகும் சாலையில் மதியம் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். காலையில் விரித்த பாயைப் போல் இருந்த இலைகள் எல்லாம், நடு நரம்பின் இரு பக்கமும் மடிந்து, கூரை ஓட்டைக் கவிழ்த்தது போல் தொங்கும். பார்த்ததும் மனம் பதறும். "பயிர் வாடிக் கிடக்கிறதே" என்று மோட்டாரைப் போடுவோம், அல்லது வாய்மடையைத் திறந்து விடுவோம்.

இதே பதற்றம் ஐப்பசி, கார்த்திகையிலும் வரும். நான்கு நாள் அடைமழை விட்டு வெயில் அடித்ததும் இலை தொங்கும். அப்போதும் சிலர் உரத்தைக் கரைத்துத் தண்ணீரோடு விடுவார்கள். முதல் தடவை வீணானது மின்சாரமும் தண்ணீரும் மட்டும்தான். இரண்டாவது தடவை தோட்டமே கை நழுவிப் போகலாம். ஏனென்றால் அந்த வாழை தாகத்தால் வாடவில்லை. தண்ணீரில் மூச்சு முட்டி வாடுகிறது.

இலை ஒன்றுதான். தொங்குவதும் ஒன்று போலத்தான் தெரியும். காரணம் நான்கு ஐந்து உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், ஓர் ஆண்டு உழைப்பைக் காப்பாற்றிவிடலாம்.

மரமே இலைதான்

மாயனூர் கதவணைக்குக் கீழே, காவிரியின் வடகரையில் இருக்கிறது தொட்டியம் வட்டாரம். பூவன், நேந்திரன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலரிசி என்று வாழையும், அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிக்காலும், வரப்பில் தென்னையும் இங்கே காலங்காலமாக இருந்து வருகின்றன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-ல் திருச்சியில் தொடங்கப்பட்டது.

வாழை மரம் என்று சொல்கிறோம். உண்மையில் அது மரம் அல்ல. மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான் அதன் தண்டு. நாம் தண்டு என்று கட்டிப் பிடிப்பது, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலை மட்டைகளின் அடுக்கு. அதனால்தான் இலைக்கு வந்த துன்பம் எதுவாக இருந்தாலும் வாழைக்கு அது முழுத் துன்பம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வாழை தன் ஆயுளில் சுமார் 30 முதல் 40 இலை விடும். வெப்பமான மாதங்களில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஓர் இலை. மார்கழி, தை குளிரில் இந்த வேகம் குறையும். ஆனால் பூ தள்ளிய பிறகு புது இலை ஒன்றுகூட வராது. அன்று மரத்தில் எத்தனை இலை நன்றாக இருக்கிறதோ, அவைதான் அடுத்த மூன்று, நான்கு மாதம் தாருக்குச் சோறு போட வேண்டும். பூ தள்ளும் நேரத்தில் குறைந்தது எட்டு நல்ல இலையாவது வேண்டும். அது நான்காகக் குறைந்தால் காய் தேறாது. தார் எடை குறையும். சந்தைக்குப் போகும் முன்பே பழுத்துவிடும்.

மதிய மடிப்பு: பயப்படத் தேவையில்லை

வாழை இலையின் நடு நரம்பை ஒட்டி, இரு பக்கமும் வெளிறிய பட்டை ஒன்று நீளமாக ஓடும். கையால் தொட்டால் சற்று மெத்தென்று இருக்கும். இதுதான் இலையின் கீல். இந்தப் பட்டையில் உள்ள செல்களில் நீர் நிறைந்திருந்தால் இலை விரிந்து நிற்கும். நீர் குறைந்தால் இரு பக்கமும் கீழ்நோக்கி மடியும்.

உச்சி வெயிலில் இலை வழியாக ஆவியாகும் நீர், வேர் இழுத்துத் தரும் நீரைவிட அதிகம். அப்போது இலை தானாகவே மடிந்து வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. இலைத்துளைகளையும் ஓரளவு மூடிக்கொள்கிறது. வாழை இலையில் இலைத்துளைகள் மேலைவிடக் கீழ்ப்பக்கத்தில்தான் அதிகம். இலை மடியும்போது அந்தக் கீழ்ப்பக்கம் உள்ளே அடங்கிக் காற்று படுவதும் குறைகிறது. நாம் வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வது மாதிரிதான்.

மாலை நான்கு, ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும் இலை மறுபடி விரிந்துவிட்டால், மண்ணில் ஈரம் இருக்கிறது என்று பொருள். கவலை வேண்டாம்.

வெப்பத்துக்கு ஏற்ப மரம் அசைவதை நம் நாட்டு அறிவியலாளர் ஒருவர் நூறு ஆண்டுக்கு முன்பே அளந்து காட்டியிருக்கிறார். வங்காளத்தில் ஃபரீத்பூர் என்ற ஊரில் சாய்ந்து நின்ற ஒரு பேரீச்ச மரம், மாலையில் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் தலை தாழ்த்திக் கும்பிடுகிறது, காலையில் நிமிர்கிறது என்று மக்கள் அதை வணங்கி வந்தார்கள். ஜகதீச சந்திர போஸ் அங்கே கருவியைப் பொருத்தி இரவும் பகலும் பதிவு செய்தார். வெப்பம் ஏற ஏற மரம் தாழ்கிறது, வெப்பம் இறங்க இறங்க நிமிர்கிறது என்று கண்டார். நம் தோட்டத்து வாழை இலையிலும் வெயிலின் ஏற்ற இறக்கத்தை நாள்தோறும் பார்க்கலாம்.

விடியற்காலைச் சோதனை

தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா என்பதை மதியத்தில் முடிவு செய்யாதீர்கள். காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போங்கள்.

இரவு முழுவதும் ஆவியாதல் குறைவு. வேர் இழுத்த நீர் இலை நுனிவரை ஏறியிருக்கும். ஈரம் போதுமான தோட்டத்தில் இலை பளிச்சென்று விரிந்து நிற்கும். இளம் இலைகளின் ஓரத்தில், நுனியில் முத்து முத்தாக நீர் சொட்டி நிற்பதையும் காணலாம். இதைப் பனி என்று நினைத்துவிடக் கூடாது. பனி இலைப் பரப்பெங்கும் படிந்திருக்கும். இது ஓரத்தில் மட்டும் வரிசையாக நிற்கும். வேர் அழுத்தித் தள்ளும் நீர் அது. வேர் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

விடியற்காலையிலும் இலை மடிந்தே இருந்தால் மண் காய்ந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே தண்ணீர் விட வேண்டும். சந்தேகம் இருந்தால், மரத்திலிருந்து ஓரடி தள்ளி அரை அடி ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்து நின்றால் ஈரம் உண்டு. பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் இல்லை. வாழையின் வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடி, ஒன்றேகால் அடி மண்ணுக்குள்தான் ஓடுகிறது. ஆகவே மேல் மண் காய்ந்தாலே வாழைக்குத் தெரிந்துவிடும்.

மழைக்குப் பிறகு தொங்கினால்

திருச்சி மாவட்டத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஆற்றோரப் படுகை நிலங்களில் அந்தச் சமயம் மேலே மழை, பக்கத்தில் வாய்க்கால் கசிவு, கீழே ஊற்று என்று மூன்று பக்கமும் நீர் சேரும்.

வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால் காற்று வெளியேறிவிடும். பிராணவாயு இல்லாத வேரால் நீரை இழுக்க முடியாது. சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதே இலைக்குத் தண்ணீர் கிடைக்காமல் போவது இதனால்தான். அதோடு, மூச்சு முட்டிய வேர் ஒரு சேர்மத்தை மேலே அனுப்புகிறது. இலைக்குப் போனதும் அது எத்திலீன் வாயுவாக மாறுகிறது. பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான். இதனால் இலைக்காம்பு வளைந்து தொங்கும், அடி இலை மஞ்சளாகும். இந்த வழிமுறையைத் தக்காளிச் செடியில் தெளிவாகக் கண்டறிந்திருக்கிறார்கள்.

எப்படிப் பிரித்தறிவது? வறட்சியில் இலை நடு நரம்பை ஒட்டி மடியும். காம்பு நிமிர்ந்தே இருக்கும். நீர் தேங்கினால் காம்போடு சேர்ந்து சரியும், அடி இலை வெளிறி மஞ்சளாகும், காலையில்கூட நிமிராது. காலால் மிதித்தால் மண் சொதசொதவென்று இருக்கும். வேரைக் கிள்ளிப் பார்த்தால் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக, அழுகல் வாடையோடு இருக்கும்.

இந்த நிலையில் செய்ய வேண்டிய முதல் வேலை வடிகால் எடுப்பதுதான். நான்கு வரிசைக்கு ஒரு வடிகால் வீதம் ஓரடி, ஒன்றரை அடி ஆழத்தில் எடுத்து, நிலத்தின் தாழ்ந்த மூலைக்குக் கொண்டு போங்கள். இரண்டு, மூன்று நாளுக்கு மேல் நீர் நின்றால் வேர் அழுகத் தொடங்கும். அதனால் மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீர் வடிந்து மண் மிதிபடும் பக்குவத்துக்கு வந்த பிறகு லேசாகக் கொத்தி மண் அணைக்க வேண்டும். புது வெள்ளை வேர் தெரிந்த பிறகே உரம். மூச்சு முட்டிய வேருக்கு யூரியா போட்டால் அது பயிருக்குப் போகாது, வடிகாலோடு ஆற்றுக்குத்தான் போகும்.

மழை இலையிலிருந்தே சாம்பல் சத்தைக் கழுவிக்கொண்டு போகும் என்பதும் உண்மை. வாழை, தழைச்சத்தைவிடச் சாம்பல் சத்தையே அதிகம் எடுக்கும் பயிர். இலைத்துளைகள் திறந்து மூடவும் அந்தச் சத்துதான் வேண்டும். அடி இலை நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்து, பாதியில் ஒடிந்து தொங்கினால் சாம்பல் சத்துக் குறையும் ஒரு காரணமாக இருக்கலாம். பொட்டாஷை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதன் அருமை மழைக்காலத்தில்தான் தெரியும்.

தண்ணீரும் காரணமில்லை, வெயிலும் காரணமில்லை

மண்ணில் ஈரம் அளவாக இருக்கிறது, வடிகாலும் இருக்கிறது. ஆனாலும் அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு மட்டையோடு சேரும் இடத்தில் ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியது போல் தொங்குகிறதா? தோட்டம் முழுக்க இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகவா? அப்படியானால் பனாமா வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ரஸ்தாளியிலும் கற்பூரவல்லியிலும் இது அதிகம். பூவன் ஓரளவு தாங்கும்.

தண்டின் அடியில் நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அடித்தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். இந்தப் பூசணம் மண்ணில் பல ஆண்டு உயிரோடு இருக்கும்; பாசன நீரிலும், மண்வெட்டியிலும், கிழங்கிலும் பரவும். வாடுகிறதே என்று தண்ணீரைத் திறந்துவிட்டால், அந்தத் தண்ணீரே நோயை அடுத்த மரத்துக்குக் கொண்டு போகும். நோய் வந்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்தி, குழியில் ஒன்று முதல் இரண்டு கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். அந்தத் தோட்டத்துக் கன்றை விதைக்கு எடுக்கக் கூடாது.

இலையில் நிற்கும் ஈரம்

மழைத்துளி இலைக்கு நல்லது என்றே நினைக்கிறோம். தூசியைக் கழுவும், குளிர வைக்கும் என்பது சரி. ஆனால் நீர் படலமாக இலைமேல் நின்றால் அது இலைக்குச் சுமைதான். நீருக்குள் கரியமில வாயு நகரும் வேகம், காற்றில் நகருவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. இலை நனைந்திருக்கும் வரை அந்தப் பரப்பில் உணவு தயாரிப்பு மந்தமாகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, பூசண வித்துகள் முளைக்க ஈரப் படலம் வேண்டும் என்பது.

அதனால் தாவரங்கள் மழையை எதிர்பார்த்தே இலையை வடிவமைத்துக்கொண்டிருக்கின்றன. அரச இலையின் நீண்ட வால் நுனி, நீரைச் சொட்டி இறக்கிவிடுவதற்கு உதவுகிறது. வாழை இலையின் மெழுகுப் பூச்சில் நீர் உருண்டு ஓடும். ஓடிய நீர் நடு நரம்பு வாய்க்காலில் இறங்கி, மட்டை வழியாகத் தண்டின் அடிக்கு வரும். பெருமழையில் வாழையின் அடி மண் அரித்துக் கிழங்கு வெளியே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மழைக்கு முன் மண் அணைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

மழைத்துளி பட்டதை இலை 'உணர்கிறது' என்றும் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் நீரைத் தெளித்தபோது, சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் செயல்பாடு மாறியது என்று ஆஸ்திரேலிய, ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டார்கள். அதே செடியின் இலை மயிர்கள் மழைத்துளியின் அடியை உணர்ந்து நோய் எதிர்ப்பைத் தூண்டுகின்றன என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2022-ல் காட்டினார்கள். மழையோடு நோயும் வரும் என்று செடி முன்கூட்டியே தயாராகிறது. விவசாயியும் அப்படியே தயாராக வேண்டும்.

வாழையில் அந்த நோய், சிகடோகா இலைப்புள்ளி. ஃபிஜித் தீவின் சிகடோகா பள்ளத்தாக்கில் நூறு ஆண்டுக்கு முன் பெரிதாகப் பரவியதால் இந்தப் பெயர். முதலில் இலையில் வெளிர் மஞ்சள் கோடு. பிறகு பழுப்புப் புள்ளி. அப்புறம் நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் மஞ்சள் வளையம். புள்ளிகள் சேர்ந்து இலை முழுதும் கருகும். ஐப்பசியில் நுழைந்த வித்தின் விளைவு கார்த்திகையில்தான் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். கருகிய பிறகு மருந்து அடித்தால் கருகியது பச்சையாகாது.

ஆகவே மழைக்காலம் தொடங்கும் முன்பே நோய் தாக்கிய அடி இலைகளை அறுத்து, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். முழு இலையும் போக வேண்டியதில்லை. கருகிய பகுதியை மட்டும் வெட்டினாலும் போதும். களையும் பக்கக்கன்றும் நெருக்கமாக இருந்தால் காற்றோட்டம் இல்லாமல் இலை ஈரம் காயாது. அவற்றைக் கழிக்க வேண்டும். முதல் கோடுகள் தெரிந்ததும், லிட்டர் தண்ணீருக்குக் கார்பென்டசிம் 1 கிராம், அல்லது மாங்கோசெப் 2 கிராம், அல்லது புரோபிகோனசோல் 1 மி.லி. என்ற அளவில் ஒட்டும் திரவம் சேர்த்துத் தெளிக்கலாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றி அடியுங்கள். இலையின் கீழ்ப்பக்கம் நனைய வேண்டும். வாழை இலை மெழுகு பூசியது என்பதால் ஒட்டும் திரவம் இல்லாத மருந்து உருண்டு கீழே விழுந்துவிடும்.

இலை அறுப்புக்கு என்றே பூவன் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த இலையில் நாளை யாரோ சாப்பிடப் போகிறார்கள். மருந்து தெளித்த தோட்டத்தில் இலை அறுத்துக் கட்டக் கூடாது. அங்கே இலை கழித்தல், இடைவெளி, வடிகால் ஆகியவைதான் முதல் மருந்து.

காற்றில் கிழிவதும் ஒரு தற்காப்பு

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, வாழை இலை கிழியும். இலை வியாபாரிக்கு அது நட்டம். ஆனால் தார் எடுக்கும் விவசாயிக்கு அது நட்டம் அல்ல.

வாழை இலையின் பக்க நரம்புகள் நடு நரம்பிலிருந்து ஓரம் வரை இணையாக ஓடுகின்றன. காற்று அடித்தால் இரு நரம்புக்கு நடுவே கிழியுமே தவிர நரம்பு அறுபடாது. கிழிந்த ஒவ்வொரு பட்டைக்கும் நீரும் சத்தும் வந்துகொண்டே இருக்கும். கிழிந்த இலையில் காற்று புகுந்து போய்விடுவதால் மரத்தின் மேல் விழும் இழுவை குறைகிறது. காம்பும் வாய்க்கால் வடிவத்தில் இருப்பதால், ஒடியாமல் முறுக்கிக்கொண்டு காற்றின் போக்கில் திரும்பிவிடும். இலை சூடாவதும் குறையும். மிக மெல்லிய நார் நாராகக் கிழிந்தால்தான் உணவு தயாரிப்பு நன்றாகக் குறையும்.

ஆகவே கிழிந்த இலை அசிங்கமாக இருக்கிறது என்று அறுத்துத் தள்ளாதீர்கள். பூ தள்ளிய மரத்தில் ஒவ்வொரு பச்சை இலையும் ஒரு சீப்பைக் காப்பாற்றும். புதிய இலை வரப்போவதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

சூறைக்காற்று வேறு கதை. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்றும், கார்த்திகைப் புயலும் தாரோடு மரத்தைச் சாய்த்துவிடும். 2018 நவம்பர் 16-ம் தேதி கரையைக் கடந்த கஜா புயல் டெல்டாவில் வாழையையும் தென்னையையும் என்ன செய்தது என்பதை யாரும் மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும், தார் தள்ளாத மரத்தில் முதிர்ந்த அடி இலைகளைக் கழித்துச் சுமையைக் குறைக்கலாம். தார் உள்ள மரத்துக்குச் சவுக்கு அல்லது மூங்கில் கழியால் முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள். முக்கால் பங்கு முற்றிய தாரை வெட்டிவிடுங்கள். ஈர மண்ணில் மரம் எளிதில் வேரோடு சாயும் என்பதால், எச்சரிக்கை நாளில் பாசனத்தை நிறுத்தி வடிகாலைத் திறந்து வையுங்கள். சேதம் நேர்ந்தால் மரத்தை அகற்றும் முன்பே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் தெரிவியுங்கள்.

வேலியோரம் அகத்தியை நெருக்கமாக விதைத்துக் காற்றுத் தடுப்பாக வளர்ப்பது பழைய முறை. தடுப்பின் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். காற்று வரும் மேற்குப் பக்கத்தில் வைப்பது முக்கியம்.

தூங்குமூஞ்சி மரம் மழையைச் சொல்லுமா?

சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் இலை பகலிலேயே கூம்பினால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அகத்தியும் புளியும்கூட இரவில் இலை கூம்பும் மரங்கள்தான். சிற்றிலைகளின் அடியில் சிறு முடிச்சு ஒன்று உண்டு. வெளிச்சம் குறைந்ததும் அங்குள்ள செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், கூடவே நீரும் வெளியேறும், இலை கூம்பும். கருமேகம் சூழ்ந்து வெளிச்சம் குறைந்தாலும் மரத்துக்கு அது மாலைதான். ஆக மரம் சொல்வது "மேகம் கனத்துவிட்டது" என்பதைத்தான். நாளைய மழையை அது சொல்லாது.

இலைகள் திடீரென்று புரண்டு வெளிறிய கீழ்ப்பக்கம் தெரிந்தால் மழை என்பதில் இன்னும் கொஞ்சம் பொருள் உண்டு. கோடை இடிமழைக்கு முன்னால் மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று, வழக்கமான திசைக்கு மாறாக வீசும். வழக்கமான காற்றுக்குப் பழகிய இலை, எதிர்க்காற்றில் புரளும். மழைக்கும் இதற்கும் இடையே சில நிமிடங்களே இருக்கும். அந்த நேரத்தில் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு, தனி மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். இடி மின்னலில் உயிர்தான் முதலில்.

இரண்டு, மூன்று நாள் முன்கூட்டியே அறிய வேண்டுமானால் 'மேகதூத்' செயலி தமிழிலேயே இருக்கிறது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வேளாண் ஆலோசனை வெளியாகிறது. மருந்தடிப்பு, உரம், பாசனம் மூன்றையும் அதைப் பார்த்துத் திட்டமிடலாம்.

கொடிக்காலும் தென்னையும்

வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி இலைதான் குடை. கோடையில் அது வேண்டும். ஆனால் மழை மாதங்களில் அதே குடை ஈரத்தைக் காயவிடாமல் தடுத்து, அடியழுகலையும் இலைக்கருகலையும் வரவழைக்கும். மழைக்கு முன் அகத்தியின் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். போர்டோ கலவை தெளிப்பதானால் வெற்றிலையைக் கிள்ளி எடுத்த பிறகே தெளிக்க வேண்டும்.

தென்னையில் வறட்சி வந்தால் அடி மட்டைகள் தண்டோடு ஒட்டித் தொங்கும், குரும்பை கொட்டும். ஆனால் பாதிப்பு அந்தக் கோடையோடு முடியாது. அன்று உருவாகிக்கொண்டிருந்த பாளைகள் காய்க்கு வரும்வரை, அடுத்த இரண்டு ஆண்டுக் காய்ப்பிலும் அது தெரியும். மட்டை தொங்கும் வரை காத்திராமல், மாசியிலேயே வட்டப்பாத்தியில் மட்டை, ஓலை, தேங்காய் மட்டையைப் பரப்பி மூடாக்கு இடுவதே சிக்கனமான காப்பு.

நினைவில் வைக்க ஐந்து

• மதியம் மடிந்து மாலையில் விரிந்தால்: இயல்பு. தண்ணீர் தேவையில்லை.

• விடியற்காலையிலும் மடிந்திருந்தால்: வறட்சி. அன்றே பாசனம்.

• ஈர மண்ணில் காம்போடு தொங்கினால்: நீர்த்தேக்கம். முதலில் வடிகால், பிறகுதான் உரம்.

• ஆங்காங்கே சில மரங்களில் மட்டும் காம்பு ஒடிந்து தொங்கினால்: வாடல் நோய்ச் சந்தேகம். அந்த மரத்தின் வழியாக நீர் போகவிடாதீர்கள்.

• கிழிந்த பச்சை இலை: அறுக்காதீர்கள். கருகிய இலை: விட்டு வைக்காதீர்கள்.

அடையாளம் பிடிபடவில்லை என்றால், இலையோடு கொஞ்சம் வேரும் அடித்தண்டின் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ போங்கள். இலையை மட்டும் கொண்டு போனால் பாதிச் சேதிதான் அவர்களுக்குத் தெரியும். மீதிச் சேதி வேரில் இருக்கிறது.

மோட்டார் பொத்தானை அழுத்தும் முன் ஒரு நிமிடம் குனிந்து மண்ணைத் தொட்டுப் பாருங்கள். இலை கேட்பது தண்ணீரா, காற்றா என்பது அப்போது தெரிந்துவிடும்.